தாத்தாவின் ஹெரால்டுக்குப் பெரிய எஞ்சின் வேண்டாம்

கேள்வி: தாத்தா 1969-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு வண்டி, பல வருடமாக எங்கள் பழைய தறிக்கூடத்துச் சாய்ப்பில் நிற்கிறது. தறி இப்போது ஓடவில்லை. அங்கேயே வைத்து நானே வேலை பார்க்க ஆசை. என் மகன் அமெரிக்க மசில் கார் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "பெரிய எஞ்சினாகத் தூக்கி வைப்போம்ப்பா" என்கிறான். வைக்கலாமா? வேலையை எங்கே தொடங்குவது? ஆர்.சி. காலாவதியாகிவிட்டது. மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர முடியுமா?
- வாசகர், செல்லூர், மதுரை

பதில்: முதலில் உங்கள் மகனுக்குச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் வந்த போண்டியாக் ஜி.டி.ஓ.வில் இருந்தது சுமார் 6,400 சி.சி. வி-8 எஞ்சின். உங்கள் ஹெரால்டில் இருப்பது 948 சி.சி. ஆசை புரிகிறது தம்பி, ஆனால் தடையாக நிற்பது எஞ்சின் இல்லை, பின் ஆக்சில். ஹெரால்டின் பின்பக்கம் ஒரே குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கில் தொங்குகிறது. ஆக்சில் உள்முனையில் மட்டுமே மடங்கும். வளைவில் வேகமாகப் போய் சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கி வெளிச்சக்கரம் உள்ளே மடிந்துகொள்ளும், வண்டி சுழன்றுவிடும். இருக்கிற சக்திக்கே அந்தக் குணம் உண்டு. அதன் மேல் இன்னும் சக்தியை ஏற்றுவதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும், பழமை வாகனப் பதிவும் கையைவிட்டுப் போகும்.

வீட்டில் வைத்துப் பார்க்க இதைவிடத் தோதான கார் இந்தியச் சாலைகளில் அதிகம் ஓடியதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லாமல், தனிச் சேஸிஸ் போட்டு, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டும்படி வடிவமைத்தார்கள். தோற்றம் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்தது. 1959-இல் அங்கே வந்த கார், 1961-இல் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் நம்மூர்க் காராகியது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. ஆகவே உங்கள் வண்டியின் பின்கதவுகளைக் குப்பைக்குப் போடாதீர்கள், வெளிநாட்டிலிருந்தும் வராது.

போல்ட் பூட்டிய பாடி என்பதால் கதவு, பானெட், டிக்கி எல்லாம் கழற்றி அந்தச் சாய்ப்பிலேயே வைத்துவிடலாம். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்னே கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒவ்வொரு பூட்டிலும் தகடுகள் சொருகியிருக்கும். எந்தப் பூட்டில் எத்தனை தகடு என்று எழுதி, போட்டோவும் எடுத்த பிறகே கழற்றுங்கள். அது மாறினால் கதவு இடைவெளி ஒருநாளும் சேராது.

துருவைச் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளில் தேடுங்கள். ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள், மழுங்கின சத்தம் வந்தால் உள்ளே அரித்திருக்கிறது. பட்டி பூசி மறைப்பது வேலை ஆகாது. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். 2024 அக்டோபர் மழையில் கண்மாய்த் தண்ணீர் உங்கள் பகுதித் தெருக்களுக்குள் வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். சாய்ப்புக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் டிரம் பிரேக்கும் டிஃபரன்ஷியல் ஆயிலும் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டியவை. இனி வண்டியை உயரமான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் பயப்படுவது முன்சக்கரத்து ட்ரனியனுக்கு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கிறது. அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும், ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் மரையிலேயே சுழலும். இதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். பட்டறைகளில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் புகும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் வண்டி மெதுவாகத் திரும்பும்போதே முறியும். சக்கரம் கழன்று மடியும். வலது இடது மரைகள் எதிரெதிர்த் திசை, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் இதே அமைப்புதான் என்பதால் பிரிட்டனில் இப்போதும் புதிய பாகம் செய்கிறார்கள். மற்ற சில்லறைப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்து பாருங்கள்.

பிரேக்கில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே ஃப்ளூயிட் வழி, ஒரு பைப் வெடித்தால் நான்கும் போகும். எல்லா ரப்பரும் பைப்பும் புதிது போடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடையுங்கள். பெயிண்டைத் தண்ணீர் விட்டே தேயுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அந்தக் காலத்து ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் தின்றுவிடும், இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். எஞ்சின் ஹெட்டைப் பிரிக்க நேர்ந்தால் லேத் பட்டறையில் கடினமான வால்வு சீட் வைத்துவிடுவது நல்லது. பேட்டரி மாட்டுமுன் எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது என்று பாருங்கள். அக்காலத்து பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். பெயிண்ட் அடிப்பது, மற்ற வேலை எல்லாம் முடிந்து, வண்டி ஓடி, பிரேக் பிடித்த பிறகுதான்.

ஆர்.சி. விஷயம். தாத்தா பெயரில் இருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசுப் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு இரண்டு வழி. தகுதிச் சோதனை செய்து வழக்கம்போலப் புதுப்பித்தால் 5 ஆண்டு செல்லும், தினமும் ஓட்டலாம். இல்லையென்றால் 2021-இல் வந்த பழமை வாகன விதி: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 10 ஆண்டுப் பதிவு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். நீங்கள் குடும்பத்தோடு அழகர்கோவில் வரை ஓட்டிப்போக நினைப்பீர்கள் என்றே தோன்றுகிறது. அப்படியானால் முதல் வழியையே எடுங்கள்.