ரூன் எழுத்துகளும் அவற்றின் பொருளும்

திறன்பேசியில் உள்ள புளூடூத் சின்னத்தைப் பார்க்காதவர் இன்று குறைவு. ஆனால், அது பழைய எழுத்துகள் இரண்டின் கூட்டு என்பதைப் பலர் அறியார். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட மன்னர் ஹெரால்டின் பட்டப்பெயர் ‘நீலப்பல்’. ஆங்கிலத்தில் அதுவே புளூடூத். அவருடைய பெயரின் முதலெழுத்தையும் பட்டப்பெயரின் முதலெழுத்தையும் ரூன் வடிவில் எழுதிப் பிணைத்தே அச்சின்னத்தை உருவாக்கினர்.

ரூன் என்பது வட ஐரோப்பிய மக்களின் பண்டைய எழுத்துமுறை. டென்மார்க்கில் கிடைத்த ஒரு சீப்பில் ஏறக்குறைய கி.பி. 160ஆம் ஆண்டைச் சேர்ந்த ரூன் எழுத்துகள் காணப்படுகின்றன. தொடக்கத்தில் 24 எழுத்துகள் இருந்தன. வைக்கிங்குகளின் காலத்தில் அவை 16 ஆகக் குறைந்தன. மரத்தில் கத்தியால் செதுக்க ஏற்றவாறு அவை பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை. படுக்கைக் கோடுகளும் அரிது. மர இழையின் போக்கிலேயே கீறினால் கோடு தெளிவாகத் தெரியாது அல்லவா?

ஒவ்வோர் எழுத்துக்கும் பொருளுள்ள ஒரு பெயர் இருந்தது. முதல் எழுத்தின் பெயர் ‘ஃபே’. அதற்குக் கால்நடை என்றும் செல்வம் என்றும் பொருள். தமிழிலும் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. வேறோர் எழுத்து பனிக்கட்டியையும், மற்றொன்று ஆண்டையும் அந்த ஆண்டின் விளைச்சலையும் குறித்தன. சுவீடனில் உள்ள ஸ்டென்டாஃப்டன் கல்லில் இந்த விளைச்சல் எழுத்து தனித்து நிற்கிறது. ஒருவர் தம் மக்களுக்கு நல்ல விளைச்சலைத் தந்தார் என்பதை அந்த ஓர் எழுத்தே சொல்வதாக அறிஞர்கள் கருதுகின்றனர். எழுத்தே சொல்லாக நின்றதற்கு இதைவிட நல்ல சான்று காண்பது கடினம்.

ஓடின் என்னும் கடவுள் ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கி ரூன்களைப் பெற்றார் என்று வடநாட்டுப் புராணம் கூறுகிறது. இதனால் ரூன் என்றாலே மந்திரம் என எண்ணுவோர் பலர். மண்ணுக்கடியில் கிடைத்தவையோ வேறு கதை சொல்கின்றன. 1955ஆம் ஆண்டு நார்வேயின் பெர்கன் நகரத் துறைமுகப் பகுதியில் தீ விபத்து நிகழ்ந்தது. அதன்பின் நடந்த அகழாய்வில் 600க்கும் மேற்பட்ட ரூன் பொறிப்புகள் வெளிப்பட்டன. சரக்கு உரிமையாளரின் பெயர், வணிகச் செய்தி, காதல் வரி எனப் பல இருந்தன. ஒரு மரத்துண்டில் இருந்த செய்தி, யாரோ ஒருவரை வீட்டுக்குப் போகும்படி கீடா என்ற பெண் சொல்கிறாள் என்பதுதான்!

ரூன் கற்களைப் போட்டுக் குறி சொல்வோர் இன்றும் உள்ளனர். அவர்கள் பயன்படுத்தும் எழுத்தில்லாத வெற்றுக் கல், 1982இல் வெளிவந்த ஒரு நூலால் பரவியது. பழைய ரூன் வரிசையில் அதற்கு இடமில்லை. இத்தகைய புதுமையால் பெருந்தீங்கு இல்லை. சூரியன் என்னும் பெயர் கொண்ட எழுத்துக்கு நேர்ந்தது அப்படியன்று. பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘சிகெல்’. ஜெர்மன் மொழியில் வெற்றியைக் குறிக்கும் ‘சீக்’ என்னும் சொல்லோடு அது ஒலியால் நெருங்கியது. ஆஸ்திரிய எழுத்தாளர் குய்டோ ஃபான் லிஸ்ட் 1908ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அந்த எழுத்துக்கு வெற்றி என்று பொருள் ஏற்றினார். பின்னர் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதை இரட்டித்துத் தன் சின்னமாக்கிக்கொண்டது. அந்த இரட்டைச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மனியில் இன்று சட்டப்படி குற்றம்.