தணிக்கையாளர் கற்க வேண்டிய பாடம்

சங்கத்தின் ஆண்டுத் தணிக்கை என்றால், அது அலுவலக அறைக்குள் நடந்து முடியும் ஒரு சடங்கு என்றே நம் உறுப்பினர்களிற் பலர் எண்ணுகின்றனர். தணிக்கையாளர் வருகிறார், பேரேட்டைப் புரட்டுகிறார், குறியிடுகிறார், போகிறார். நெய்பவருக்கும் பயிரிடுபவருக்கும் அதில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். தணிக்கையாளர் எத்தகைய பயிற்சி பெற்று வருகிறார், அப்பயிற்சியில் எது போதாது என்பதை உறுப்பினர் அறிந்தால் இவ்வெண்ணம் மாறும்.

1912ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டம், ஒவ்வொரு சங்கத்தின் கணக்கையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தணிக்கை செய்யும் பொறுப்பைப் பதிவாளரிடம் வைத்தது. தவணை கடந்த பாக்கிகளை ஆராய்வதும், சொத்து, பொறுப்புகளை மதிப்பிடுவதும் தணிக்கையின் பகுதி என்று அச்சட்டமே கூறிற்று. 1915இல் அறிக்கை அளித்த மக்லகன் குழு இன்னும் ஒருபடி மேலே சென்று, சங்கத்தின் உண்மை நிலையைத் தீர்மானிக்கும் எல்லாவற்றையும் தணிக்கை ஆராய வேண்டும் என்றது. இவ்வளவு பெரிய வேலைக்கு ஆட்களைப் பழக்கும் முறையான ஏற்பாடு மெல்லத்தான் வந்தது. 1953இல் ரிசர்வ் வங்கியும் இந்திய அரசாங்கமும் சேர்ந்து கூட்டுறவுப் பயிற்சிக்கான மத்தியக் குழுவை அமைத்த பின்னரே, பூனா, ராஞ்சி, மீரட், சென்னை, இந்தூர் ஆகிய ஊர்களில் வட்டாரப் பயிற்சி நிலையங்கள் இயங்கின. தமிழ்நாட்டில் தணிக்கைப் பிரிவு பின்னர்த் தனித்துறையாகி, நிதித்துறையின் கீழ் வந்தது. சங்கத்தை நடத்த உதவும் துறையே அதன் கணக்கையும் சோதிப்பது முறையன்று என்பதனால் இது நல்ல மாற்றமே.

பயிற்சிக்கு வருவோர் கணக்குப் பதிவியல், வங்கியியல், தணிக்கையியல், கூட்டுறவுச் சட்டம் ஆகியவற்றைப் படிக்கின்றனர். துறைத் தேர்வுகள் எழுதித் தேறுகின்றனர். பட்டம் பெற்றவருக்கு இவை கடினமல்ல. ஆனால் வகுப்பறையில் தரப்படும் ஐந்தொகை, இரு பக்கமும் பொருந்தும்படியே ஆக்கப்பெற்றது. அது பொருந்தினால் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். சங்கத்தில் ஐந்தொகை பொருந்திய பிறகுதான் தணிக்கையாளரின் வேலையே தொடங்குகிறது.

நெசவாளர் சங்கத்தில் நூல் கணக்கை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் கைலி நெய்யும் ஒரு முதியவரிடம் நான் கற்ற பாடம் இது. பருத்தி நூலின் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதைக் குறிக்கும். 40ஆம் நம்பர் நூலாயின் பவுண்டுக்கு 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம். கிலோவுக்கு ஏறத்தாழ 67,700 மீட்டர். துணியின் அகலம் 48 அங்குலம், அங்குலத்திற்கு 56 இழை என்று கொண்டால் பாவில் 2,688 இழைகள் இருக்கும். பாவின் நீளம் 100 மீட்டராயின் மொத்த நூல் 2,68,800 மீட்டர். வகுத்துப் பார்த்தால் எடை 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அனுமதிக்கப்பெற்ற கழிவை இதனோடு கூட்டிக்கொள்ளலாம். இத்தகைய பாவு ஒவ்வொன்றுக்கும் 5 கிலோ வழங்கியதாக நூல் வழங்கற் பதிவேடு காட்டுமாயின், எஞ்சிய நூல் எங்கே என்று தணிக்கையாளர் கேட்க வேண்டும். பதிவேட்டில் கூட்டல் பிழை ஒன்றும் இராது. வழங்கிய சீட்டுகளும் முறையாக இருக்கும். தறியைப் பற்றி ஒன்றும் அறியாதவர் அக்கணக்கில் குறியிட்டுவிட்டுப் போய்விடுவார். அந்நஷ்டம் உறுப்பினரின் போனசிலும் பங்காதாயத்திலும் சத்தமின்றிக் குறையும்.

முதியவர் ஓர் எச்சரிக்கையும் கூறினார். கஞ்சி போட்ட பாவை எடை போட்டு நூல் எடையென்று எழுதுவாரும் உண்டு. ஆகையால் எடை எப்பொழுது போடப்பட்டது என்று கேட்காமல் தராசை நம்பலாகாது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை.

விவசாயக் கடன் சங்கங்களில் இதே பாடம் நகைப்பையில் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு 5 சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்து, கடன்களைச் சரிபார்க்கச் செய்தது. அப்பொழுது சில சங்கங்களில் போலி நகைகளும், நகையே இல்லாத பைகளும் வெளிப்பட்டன. கடன் பேரேட்டை மட்டும் பார்த்தவருக்கு இவை தெரிந்திரா. பையைத் திறந்து, நிறுத்து, உரைத்துப் பார்ப்பதே தணிக்கை.

இனிக் கணிப்பொறி வந்துவிடும், இக்கவலை தீரும் என்று சிலர் கூறுகின்றனர். நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022இல் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் பொய்யான பதிவையும் கணிப்பொறி பிழையின்றியே கூட்டும்.

என் பயிற்சிக் காலத்தில் சிதம்பரம் வட்டத்துச் சிறு நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு மூத்த தணிக்கையாளர் ஒருவருடன் சென்றிருந்தேன். இரண்டு நாட்களில் கணக்கு முழுவதும் காசு பிசகாமல் பொருந்திவிட்டது. எனக்கு உள்ளூரப் பெருமை. அவரோ கூலிப் பட்டியலையும் சேமிப்புப் பணம் திருப்பித் தந்த ரசீதுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓர் அம்மையாரின் பெயரைச் சுட்டிக் காட்டினார். கூலிப் பட்டியலில் மாதந்தோறும் அவர் கையெழுத்திட்டிருந்தார். சேமிப்பிலிருந்து பணம் எடுத்த மூன்று ரசீதுகளில் மட்டும் கைரேகை இருந்தது.

நாங்கள் அவர் வீட்டிற்கே சென்றோம். பாவைக் கைவிட்டு எழுந்து வந்தார்.

“பாஸ் புத்தகம் எங்கே அம்மா?”

“எழுத்தர் ஐயாவிடம் இருக்கிறதுங்க. வீட்டில் வைத்தால் எலி கடித்துவிடும், சங்கத்திலேயே இருக்கட்டும் என்றார்.”

“இடையில் பணம் ஏதும் எடுத்தீர்களா?”

“மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கிறேன் ஐயா. ஒரு காசு தொடவில்லை.”

எழுத்தரின் மேசை இழுப்பறையில் 19 உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்கள் இருந்தன. உறுப்பினர்கட்கு நான் கூறக்கூடியது இதுவே: தணிக்கை அறிவிப்பு ஒட்டப்பட்ட நாளில் உங்கள் பாஸ் புத்தகத்தை நீங்களே கையில் எடுத்துச் சென்று, பேரேட்டோடு ஒப்பிடுமாறு தணிக்கையாளரைக் கேளுங்கள். அவர் மறுக்கலாகாது, அவர் பெற்ற பயிற்சியும் அதற்காகவே.

1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை நடவடிக்கை எடுக்கப்பெற்றது. அந்த அம்மையாருக்குரிய முழுத்தொகையும் வந்துசேர இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆயின. அதற்குள் மகளின் திருமணம் வெளிக்கடனில் நடந்து முடிந்திருந்தது.