வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் உணவு விரயமும்

நுவரெலியாவிலோ வெலிமடையிலோ விதைக்கப்படும் கரட் பிடுங்கும் பருவத்தை அடைவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்கின்றன. விதை, பசளை, நீர், கூலி, லொறிக் கட்டணம் ஆகிய யாவும் அதன் விலையில் அடங்கியுள்ளன. இவ்வாறு பாடுபட்டு விளைவித்த பொருள் வீட்டை வந்தடைந்த பின்னர் குளிர்சாதனப் பெட்டியின் மூலையொன்றில் மறைந்து கிடந்து அழுகுமாயின், வாங்கியவரின் பணத்தோடு கமக்காரரின் உழைப்பும் நிலத்தின் வளமும் வீணாகின்றன.

ஐக்கிய நாடுகள் சூழல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வீடுகளிலும் உணவுச்சாலைகளிலும் சில்லறைக் கடைகளிலும் விரயமான உணவு ஏறத்தாழ 105 கோடி தொன் ஆகும். இதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளில் விரயமானதாகும். ஆகவே, இவ்விரயத்தைத் தடுக்கும் முயற்சியும் வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும்.

1. குளிர் செய்யும் தொழில்

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த பொருள் பழுதடையாது என்று எண்ணுதல் தவறாகும். உணவைக் கெடுக்கும் நுண்ணங்கிகளைக் குளிர் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தை மந்தப்படுத்துகின்றது. பறித்த மரக்கறியும் உயிருள்ள பொருளே. அது தொடர்ந்து சுவாசிக்கின்றது, நீரை இழக்கின்றது, முதிர்கின்றது. இவற்றையும் குளிர் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது. ஆகவே பெட்டி நமக்குத் தருவது சில நாள் தவணை மாத்திரமே. அத்தவணை முடிவதற்குள் பொருளைப் பயன்படுத்துவதற்கு ஒழுங்கு அவசியமாகும்.

பெட்டியின் உள்வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. பனிக்கட்டி உறையும் பகுதி சைபருக்குக் கீழ் 18 பாகையில் இருத்தல் நன்று. இதனை அறிவதற்கு, ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துக் காலையில் பார்க்கலாம். திருகியிலுள்ள இலக்கம் குளிரின் அளவையே குறிக்கும், பாகையைக் குறிக்காது.

2. எப்பொருளை எங்கே வைப்பது?

பெட்டிக்குள் எல்லா இடமும் ஒரே குளிருடையதன்று. கதவு திறக்கப்படும் தோறும் வெளிக்காற்றுப் படுவதால் கதவுத் தட்டே வெப்பம் கூடிய இடமாகும். பாலை அங்கு வைத்தல் கூடாது. உட்தட்டின் பின்புறத்தில் வைத்தல் வேண்டும். ஊறுகாய், சோஸ், சட்னி, குடிநீர்ப் போத்தல் என்பனவற்றிற்குக் கதவு பொருத்தமானது.

மேல், நடுத் தட்டுகளில் சமைத்த உணவு, தயிர், முட்டை ஆகியவற்றை வைக்கலாம். பச்சை மீனும் இறைச்சியும் எப்போதும் அடித்தட்டில், விளிம்புள்ள மூடிய பாத்திரத்தில் இருத்தல் வேண்டும். அவற்றிலிருந்து வடியும் நீர் சமைத்த உணவின் மீதோ பச்சையாக உண்ணும் மரக்கறியின் மீதோ சிந்துமாயின் நோய்க்கு இடமுண்டாகும். மரக்கறிகளுக்கு அடியிலுள்ள இழுப்பறையே உரியது. அங்கு ஈரப்பதன் கூடுதலாக இருப்பதால் அவை விரைவில் வாடுவதில்லை.

3. பெட்டிக்குள் வைக்கலாகாதவை

வெப்பவலயப் பயிர்கள் பல கடுங்குளிரைத் தாங்கா. வாழைப்பழத்தின் தோல் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழ் கறுத்துவிடும். பழுக்காத மாங்காயும் தக்காளியும் குளிரில் வைக்கப்பட்டால், பின்னர் வெளியே எடுத்தாலும் நன்கு பழுக்கமாட்டா. இவை வெளியே பழுத்த பின்னர், வேண்டுமாயின் இரண்டொரு நாள் உள்ளே வைக்கப்படலாம்.

உருளைக்கிழங்கின் மாப்பொருள் குளிரில் வெல்லமாக மாறுவதால், அது இனிப்புச் சுவை பெற்றுப் பொரிக்கும்போது கருகும். வற்றாளைக்கிழங்கும் குளிரில் பழுதடையும். கிழங்கு வகைகள், வெங்காயம், உள்ளி, முழுப் பூசணி ஆகியவற்றைக் காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் இடலாகாது.

கத்தரிக்காய், வெண்டிக்காய், வெள்ளரிக்காய் ஆகியனவும் குளிருக்கு அஞ்சுவனவே. எனினும் நம் நாட்டு வெப்பத்தில் வெளியே வாடிவிடுமாதலால், இவற்றைக் கடதாசியிற் சுற்றிப் பெட்டியின் குளிர் குறைந்த பகுதியில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிடுதல் வேண்டும். இவ்வாறு வெளியே வைக்கத்தக்கவற்றை நீக்கினாலே பெட்டியில் பெருமளவு இடம் கிடைக்கும்.

4. கீரையும் மரக்கறியும்

வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை முதலியன வீடுகளில் அதிகம் வீசப்படுவன. சந்தையிலிருந்து கொண்டுவந்த உடனேயே கட்டை அவிழ்த்து, மஞ்சளித்த இலைகளையும் வேரையும் நீக்குதல் வேண்டும். கழுவாது, ஈரமில்லாத சீலையிலோ கடதாசியிலோ சுற்றித் துளையுள்ள பையிலிட்டு இழுப்பறையில் வைத்தல் வேண்டும். கழுவியே வைப்பதாயின் நீரை முற்றாக வடித்து உலர்த்துதல் வேண்டும். இலையில் தங்கும் நீர்த்துளியே அழுகலுக்கு முதற் காரணமாகும். கரட், பீற்றூட் ஆகியவற்றின் இலைப்பகுதி கிழங்கின் நீரை உறிஞ்சுமாதலால் அதனை வெட்டி நீக்கிவிட வேண்டும்.

பழுத்த அப்பிள், மாம்பழம், பப்பாசி முதலியன எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. இவ்வாயு அருகிலுள்ள கீரையை விரைவில் மஞ்சளாக்கும்; கரட்டைக் கசக்கச் செய்யும். ஆதலால் பழங்களையும் கீரைகளையும் ஒரே இழுப்பறையில் வைத்தலாகாது.

5. மீனும் இறைச்சியும்

மீனை வாங்கியவுடன் குடலகற்றிக் கழுவி, நீர் வடித்து வைத்தல் வேண்டும். ஒன்றிரண்டு நாட்களுக்குள் சமைக்கப்படாத மீனை உறைபகுதியில் வைப்பதே முறையாகும். சூரை, கும்பளா, சாளை முதலிய மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் இசுத்தமின் என்னும் பொருள் அவற்றில் உண்டாகும். அது சமைத்தாலும் அழியாது. உண்டவருக்கு முகச்சிவப்பும் தலைவலியும் வாந்தியும் ஏற்படலாம்.

உறையவைக்கும் போது ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்துப் பொதி செய்து, திகதியை எழுதி ஒட்டுதல் வேண்டும். பனி இளகச் செய்வதற்கு, முதல் நாள் இரவே அடித்தட்டிற்கு மாற்றிவிட வேண்டும். அடுக்களை மேசையில் வைத்தலாகாது.

6. சமைத்த உணவு

எஞ்சிய கறியும் சோறும் சமைத்து 2 மணித்தியாலங்களுக்குள் பெட்டியைச் சேருதல் வேண்டும். பெரிய பானையுடன் வைத்தால் நடுப்பகுதி ஆறுவதற்கு நெடுநேரமாகும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் மூடி வைப்பதே நன்று.

சோற்றில் தனிக்கவனம் வேண்டும். அரிசியிலுள்ள ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு நெடுநேரம் வெளியே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் நீங்காது. குளிரில் வைத்த சோற்றை மறுநாளே உண்டுவிட வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்த சொதியும் விரைவில் கெடும். மற்றைய கறிகளை மூன்று நாட்களுக்கு மேல் வைத்தலாகாது. உண்ணும் அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கும்வரை சூடாக்குதல் வேண்டும். எஞ்சிய தேங்காய்ப்பூவை உறைபகுதியில் வைத்துப் பின்னர் பயன்படுத்தலாம்.

7. முந்தி வந்தது முந்திச் செல்லட்டும்

புதிதாக வாங்கியதைப் பின்புறத்திலும், முன்பே உள்ளதை முன்புறத்திலும் வைத்தல் வேண்டும். கண்ணிற்படாத பொருளே அழுகும் பொருளாகும். விரைவில் முடிக்கவேண்டியவற்றுக்கென ஒரு சிறு தட்டை ஒதுக்கி, அரைத் தக்காளி, எஞ்சிய கறி, வெட்டிய கோவா முதலியவற்றை அதில் வைத்தால், சமைப்பவர் எவராயினும் முதலில் அத்தட்டையே பார்ப்பர். பாத்திரங்கள் கண்ணாடியாக இருத்தல் உதவியாகும். பெட்டியை இடைவெளியின்றி நிரப்பினால் குளிர்காற்று சுற்றாது. பொருள்கள் ஒரு பக்கம் உறைந்தும் மறுபக்கம் கெட்டும் போகும்.

8. மின்தடை ஏற்படுமிடத்து

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்தடை அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய வேளையில் கதவைத் திறவாதிருப்பதே முதற் கடமையாகும். மூடிய பெட்டி ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிரைக் காக்கும். நிரம்பிய தனி உறைபெட்டி 48 மணித்தியாலமும், பாதி நிரம்பியது 24 மணித்தியாலமும் தாங்கும். உறைபகுதியில் வெற்றிடமிருப்பின் நீர்ப்போத்தல்களை முக்கால் அளவு நிரப்பி உறையவைத்தால், தடையின் போது அவை குளிரைக் காக்கும். பனிக்கட்டி எஞ்சியிருக்கும் மீனை உடனே சமைக்கலாம். 4 மணித்தியாலத்திற்கு மேல் குளிரிழந்து கிடந்த மீன், இறைச்சி, பால், சமைத்த உணவு என்பனவற்றை நீக்கிவிட வேண்டும். சுவைத்துப் பார்த்துத் தீர்மானித்தல் ஆபத்தானது. விரயத்தைத் தடுக்கும் முயற்சி நோய்க்குக் காரணமாதல் கூடாது.

9. வாரத்துக்கு ஒருமுறை செய்யவேண்டியவை

சந்தைக்குச் செல்லும் நாளுக்கு முதல் நாள் பின்வருவனவற்றைச் செய்தல் நன்று.

(அ) உள்ளவை யாவற்றையும் பார்த்து, எஞ்சிய மரக்கறிகளைச் சேர்த்து அன்றைய கறியை ஆக்குதல்.

(ஆ) தட்டுகளையும் இழுப்பறையையும் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவித் துடைத்தல். கதவின் இறப்பர் விளிம்பு நன்கு பொருந்துகின்றதா எனப் பார்த்தல்.

(இ) இல்லாதவற்றை மட்டும் கடதாசியில் எழுதிக்கொண்டு சந்தைக்குச் செல்லுதல்.

(ஈ) எறியப்பட்ட பொருள் எது, எவ்வளவு எனக் குறித்துவைத்து, அடுத்த வாரம் அதனைக் குறைவாக வாங்குதல்.

தோல், தண்டு, பழுதடைந்த இலை ஆகியவற்றைக் குப்பைக்கு அனுப்பாது கூட்டெருக் குழியில் இட்டு உலர்ந்த சருகால் மூடிவிட்டால், சில மாதங்களில் வீட்டுத்தோட்டத்துக்கு நல்ல பசளை கிடைக்கும்.