கையெழுத்துக்கு முன்னே கணக்கு: அமீரகப் பள்ளி வேலையை விடும் ஆசிரியர்களுக்கு

வேலையை விட்டு ஊர் திரும்பும் ஆசிரியருக்குக் கடைசி மாதம் முழுவதும் ஓட்டம்தான். வினாத்தாள் திருத்தணும், மதிப்பெண் ஏற்றணும், வீட்டைக் காலி செய்யணும், சாமான் அனுப்பணும். அந்த அவசரத்தில்தான் பணம் கைநழுவுகிறது. பல வருட உழைப்புக்கான கிராஜுவிட்டியை “ஊருக்குப் போன பிறகு அனுப்புவாங்க” என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. விமானம் ஏறிய பிறகு அந்தப் பணத்தைத் துரத்துவது மிகக் கடினம். ஏறுவதற்கு முன் கேட்டு வாங்குவதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதை எந்த வரிசையில் செய்வது என்று பார்க்கலாம்.

1. எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்?

ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பொருந்துவது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளி ஊழியர்கள் இதில் வரமாட்டார்கள். துபாயின் டிஐஎஃப்சி, அபுதாபியின் ஏடிஜிஎம் ஆகிய இரு நிதி மண்டலங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு.

கணவரின் விசாவில் இருந்துகொண்டு, பள்ளி எடுத்துக் கொடுத்த வேலை அனுமதியில் பாடம் நடத்தும் ஆசிரியைகள் ஏராளம். “ஹஸ்பண்ட் விசா, அதனால் கிராஜுவிட்டி இல்லை” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசா யார் பெயரில் இருந்தாலும், அந்த வேலை அனுமதியில் பணியாற்றிய காலத்துக்குக் கிராஜுவிட்டி உண்டு.

2. ராஜினாமாவைச் சொல்வதற்கு முன் காகிதங்களைச் சேருங்கள்

ராஜினாமா கொடுத்ததும் பள்ளி மின்னஞ்சல் முடக்கப்படலாம். அதற்கு முன்பே உங்கள் சொந்த வேலை தொடர்பான இவற்றைத் தனிக் கணக்கில் சேமித்துவிடுங்கள்:

- ஆஃபர் லெட்டர், தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம் (அமைச்சகத்தின் செயலியிலேயே கிடைக்கும்)
- சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம்
- விடுப்புப் பதிவுகள், சம்பள உயர்வுக் கடிதங்கள்
- பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி நகல்கள்

பதிவான ஒப்பந்தத்தில் ‘பேசிக்’ (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று உடனே பாருங்கள். கணக்கு முழுவதும் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. பாஸ்போர்ட் பள்ளியிடம் இருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள். அதை வைத்துக்கொள்ளும் உரிமை முதலாளிக்குக் கிடையாது.

3. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் பேசிக். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் பேசிக். ஓராண்டைத் தாண்டிய பிறகு மிச்ச மாதங்களுக்கும் விகிதப்படி சேரும். சம்பளமில்லா விடுப்பு நாட்கள் கணக்கில் வராது. மொத்தத் தொகை இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. மொத்தச் சம்பளம் 5,000 திர்ஹம், அதில் பேசிக் 3,000, சேவை ஆறரை ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பேசிக் 100 திர்ஹம். முதல் ஐந்தாண்டுக்கு 105 நாள், அதாவது 10,500. அடுத்த ஒன்றரை ஆண்டுக்கு 45 நாள், அதாவது 4,500. ஆக மொத்தம் 15,000 திர்ஹம்.

பழைய சட்டத்தில், தானாக ராஜினாமா செய்தவருக்குச் சேவைக் காலத்தைப் பொறுத்துக் கிராஜுவிட்டி குறைக்கப்பட்டது. புதிய சட்டத்தில் அந்தக் குறைப்பு இல்லை. “நீங்களாத்தானே போறீங்க, பாதிதான் வரும்” என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

அடுத்தது எடுக்காத விடுப்பு. ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு. பெரும்பாலான பள்ளிகளில் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையிலேயே அதைக் கழித்துவிடுகிறார்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் மார்ச் கடைசியில் விலகுகிறவருக்கு, செப்டம்பரிலிருந்து ஏழு மாதம் வேலை பார்த்ததற்கான விடுப்பு மிச்சம் இருக்கும். அது பதினேழரை நாள். மேலே சொன்ன ஆசிரியருக்கு 1,750 திர்ஹம். பலர் கேட்காமலே விட்டுவிடும் தொகை இது.

கடைசி மாதச் சம்பளம், பாக்கி அலவன்ஸ், ஒப்பந்தத்தில் இருந்தால் ஊர் திரும்பும் டிக்கெட் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. ராஜினாமாவை எழுத்தில், தேதியோடு கொடுங்கள்

நோட்டீஸ் காலம் 30 முதல் 90 நாள். உங்கள் ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று பார்த்து அதன்படி கடைசி வேலை நாளைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். நோட்டீஸ் காலத்தில் முழுச் சம்பளம் உண்டு. நீங்கள் அதை முடிக்காமல் போனால், மிச்ச நாட்களுக்கான சம்பளத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டிவரும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போவதுபோல் போய்த் திரும்பாமல் இருப்பது மிகவும் ஆபத்தான வழி. வேலையைக் கைவிட்டதாகப் பள்ளி புகார் பதிவு செய்யலாம். பிறகு அமீரகத்தில் புது வேலை அனுமதி கிடைப்பதே சிக்கலாகும்.

5. ஒப்படைப்பை ஆதாரத்தோடு முடியுங்கள்

மடிக்கணினி, பாடநூல்கள், சாவி, அடையாள அட்டை, மதிப்பெண் பதிவேடு எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, வாங்கியவரின் கையெழுத்தைப் பெறுங்கள். “லைப்ரரி கிளியரன்ஸ் வரலை” என்ற ஒரு சாக்கிலேயே செட்டில்மென்ட் வாரக்கணக்கில் இழுக்கும். பணி அனுபவச் சான்றிதழையும் இப்போதே கேளுங்கள். அதைக் கட்டணமின்றித் தர வேண்டியது முதலாளியின் கடமை.

6. வங்கியைக் கவனியுங்கள்

கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், கடைசி செட்டில்மென்ட் கணக்கில் ஏறியதும் வங்கி அதை நிறுத்திவைக்கலாம். முன்கூட்டியே வங்கியிடம் பேசி, கட்ட வேண்டியதைக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். கடைசித் தொகை வந்து, ஊருக்கு அனுப்பி முடிக்கும்வரை கணக்கை மூடாதீர்கள்.

7. கேன்சலேஷன் தாளில் கையெழுத்து

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். வேலை அனுமதியை ரத்து செய்யும் தாளில், எனக்குச் சேர வேண்டியதெல்லாம் பெற்றுக்கொண்டேன் என்ற பொருளில் வாசகம் இருக்கும். “சும்மா ஃபார்மாலிட்டிதான், ஒரு சைன் போடுங்க டீச்சர்” என்று நீட்டுவார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு “பணம் வரவில்லை” என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

ஆகவே முதலில் செட்டில்மென்ட் கணக்கை எழுத்தில் கேளுங்கள். உங்கள் தாளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மின்னஞ்சலில் மரியாதையாகக் கேளுங்கள்: “பேசிக் 3,000 என்று ஒப்பந்தத்தில் உள்ளது. கணக்கில் 2,500 என்று எடுத்திருக்கிறீர்கள். சரிபார்த்துத் தெரிவிக்கவும்.” பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பள்ளிக்கு ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. அதைக் காட்டி “முதலில் கேன்சல், பிறகு பணம்” என்று பிடிவாதம் பிடித்தால், தொகையும் தேதியும் குறிப்பிட்டு, முத்திரையிட்ட கடிதம் வாங்குங்கள். விமான டிக்கெட்டை அந்த 14 நாளுக்குப் பிந்தைய தேதியில் போடுங்கள். மறுநாளே விமானம் என்று தெரிந்தால் பேரம் பேசும் பலம் முழுக்கப் பள்ளியின் கைக்குப் போய்விடும்.

8. தரவில்லை என்றால்

தொழிலாளர் அமைச்சகத்தின் 80084 எண்ணில் கூப்பிடுங்கள், அல்லது செயலியில் புகார் பதியுங்கள். அமைச்சகம் முதலில் இரு தரப்பையும் பேசவைத்துத் தீர்க்கப் பார்க்கும். 2024 தொடக்கத்திலிருந்து, 50,000 திர்ஹம் வரையிலான கோரிக்கைகளில் அமைச்சகமே முடிவு சொல்லும் அதிகாரம் பெற்றிருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்களின் தொகை இதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேற்பட்டது நீதிமன்றம் போகும். ஒரு லட்சம் திர்ஹம் வரையிலான வழக்குக்குத் தொழிலாளரிடம் நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவில் ஆலோசனை கேட்கலாம். தவிர்க்க முடியாமல் கிளம்ப நேர்ந்தால், புகாரைப் பதிந்துவிட்டு, நம்பிக்கையான ஒருவருக்கு நோட்டரி முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் உரிமை கோரலாம்.

பணத்தைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கிராஜுவிட்டி பள்ளி காட்டும் கருணை இல்லை, நீங்கள் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த சம்பளம். உங்கள் கணக்குத் தாளை அடுத்த ஆண்டு கிளம்பப்போகும் சக ஆசிரியருக்கும் காட்டுங்கள். ஒரு ஸ்டாஃப் ரூமில் நாலு பேருக்குக் கணக்குத் தெரிந்துவிட்டால், அந்தப் பள்ளியில் யாரிடமும் “பாதிதான் வரும்” என்று சொல்ல முடியாது.