வகுப்பு இணையத்தில், செய்முறை சங்கரன்கோவிலில்

காசில்லாமல் படிக்க இன்று இணையத்தில் வழிகளுக்குக் குறைவே இல்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் ஆகியவற்றில் இயற்பியல், ஓவியம், பொருளாதாரம் என எல்லாமே இருக்கின்றன. எடுத்த பாடத்தை முடிக்கும் பிடிப்புதான் பலருக்குக் கிடைப்பதில்லை. சங்கரன்கோவிலில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே நான் படித்துவருகிறேன். படிக்கும் பாடத்துக்கு உள்ளூரிலோ, பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்திலோ ஒரு சாட்சியைத் தேடிக்கொண்டால் அந்தப் பிடிப்பு தானாக வருகிறது என்பதே என் அனுபவம்.

தெரிந்த தொழிலில் தொடங்குங்கள்

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர் என்று தினமும் நூலை விற்கிறோம். நம்பர் கூடினால் நூல் சன்னம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதை ஐ.ஐ.டி. டெல்லி பேராசிரியர்கள் நடத்தும் ஜவுளிப் பாடங்களில்தான் கற்றேன். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம் நூல்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சரியாக 120 கெஜம் நூலை அளந்து, நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக்கொள்ளுங்கள். 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். எடை 1.62 கிராம் என்றால் 40, 1.08 கிராம் என்றால் 60. எங்கள் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் நூலை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, "அறுபது இல்ல தம்பி, அம்பதுதான் இருக்கும்" என்றார். நிறுத்துப் பார்த்தேன், 1.3 கிராம். "சரியாச் சொல்லிட்டீங்க அண்ணாச்சி" என்றேன். அவர் விரலில் இருந்த அறிவும் காணொளியில் கேட்ட அறிவும் ஒன்றுதான் என்று கண்ட பிறகு அடுத்த வாரப் பாடத்தைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

கலைப் பாடம் என்றால் பஸ் ஏறுங்கள்

இந்தியக் கலை பற்றிய பாடங்களில் எல்லோரா கைலாசநாதர் கோயில் தவறாமல் வரும். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த கோயில் என்று திரையில் சொல்வார்கள். கோவில்பட்டி பஸ்ஸில் ஏறிக் கழுகுமலையில் இறங்கினால் அதே முறையைக் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் செதுக்கிய வெட்டுவான் கோயிலில் மேலே சிகரமும் சிற்பங்களும் நிறைவாக இருக்கின்றன. கீழே வர வர வேலை குறைந்து, அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. வேலை மேலிருந்துதான் தொடங்கியது என்பதற்கு அந்தக் குறையே சான்று. பக்கத்திலேயே சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோய், வகுப்பில் கேட்ட ஐந்து செய்திகளையாவது அங்கே தேடிப் பாருங்கள்.

வரலாற்றை இரண்டு பக்கமும் கேளுங்கள்

கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும், பேட் 1917-இல் தொகுத்த திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியரும் இணைய ஆவணகத்தில் இலவசம். பூலித்தேவர் காலத்துப் பாளையக்காரர் போர்களை இவற்றில் படித்துவிட்டு, அருகில் உள்ள நெற்கட்டும்செவலுக்குப் போய் அவர் நினைவிடத்தைப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதையும் கேளுங்கள். கும்பினியார் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து எழுதியதும், மக்கள் வாய்வழியாகக் காத்துவருவதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று இரண்டு பத்தியாக எழுதிவையுங்கள். சமூக அறிவியலின் அடிப்படைப் பயிற்சியே அதுதான்.

ஆங்கிலம் தடுக்கிறதா?

என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் உரைகளுக்குத் தமிழாக்கம் இருக்கிறது. முதலில் தமிழில் படித்துவிட்டு, பிறகு காணொளியை வேகம் குறைத்துக் கேளுங்கள். கணினி கற்க ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் நல்ல தொடக்கம். தமிழ்க் குரலிலேயே சிறு சிறு காணொளிகள் உண்டு. ஒரு பக்கம் காணொளி ஓடட்டும், மறுபக்கம் நீங்களும் செய்துபாருங்கள். தமிழ் இலக்கியத்துக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன.

சில பழக்கங்கள்

ஒரு பருவத்துக்கு ஒரே பாடம் போதும். வீட்டில் இணைய வேகம் நன்றாக இருக்கும் நேரத்தில் அந்த வாரத்துக்குரியதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காணொளி முடிந்ததும் திரையை மூடி, நினைவில் நிற்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் திரும்பக் கேட்க வேண்டிய இடம். பிறகு வீட்டிலோ கடையிலோ யாருக்காவது அதை விளக்கிச் சொல்லுங்கள்.

என்.பி.டி.இ.எல்.-இல் பாடம் இலவசம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வாரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால் தேர்ச்சி. வேலைக்கோ கல்லூரிக் கணக்குக்கோ சான்றிதழ் தேவைப்படுபவர்கள் கட்டணம் கட்டட்டும். மற்றவர்களும் வாரப் பயிற்சிகளை விடக்கூடாது. பாடத்தை நகர்த்துவது அவைதான்.

நகரத்தில் பெரிய கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த ஆசிரியர்கள் இன்று நம் கைப்பேசியில் பாடம் நடத்துகிறார்கள். செய்முறைக்கூடம்தான் நம்மிடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். தறிக்கூடமும் பூச்சந்தையும் மலையும் கோயிலும் அதற்குப் போதும். பாடத்தில் பதிவு செய்வதற்கு முன்பே, அதை எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.