உப்பு ஏறாது, எண்ணெய் ஏறும்

காசிமேட்டில் விடிகாலை ஏலம் முடிந்த நேரம். மீன் வாங்க வந்தவர் ஒருவருக்குச் சந்தேகம்: "பொறந்ததுலேர்ந்து உப்புத் தண்ணியிலயே கெடக்குது. கொழம்புக்கு உப்பைக் கொறைக்கணுமாக்கா?" கூடைக்கார அம்மா சிரித்துவிட்டார். "செதில் இன்னாத்துக்குக் கீது சார்? உப்பு உள்ள போவாது. எப்பவும் போல போடு."

குழம்புக்கு அந்த யோசனை சரி. காரணம்தான் தவறு. கடல் கெளுத்திக்குச் செதிலே கிடையாது. அதுவும் உப்புக் கரிப்பதில்லை. உப்பு உள்ளே போகாமலும் இல்லை. கடல்மீன் கடல்நீரைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் இரத்தத்தில் அதில் மூன்றிலொரு பங்கு அளவுதான். மிச்சத்தைச் செவுளில் உள்ள செல்கள் ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. (சுறாவின் வழி வேறு. உடம்பில் யூரியாவைத் தேக்கிவைத்துக் கடலின் அடர்த்திக்கு ஈடுகொடுக்கிறது. பழைய சுறா அமோனியா வாடை அடிப்பது அதனால்தான்.)

இறைப்பது எது? செல் சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்; ஒவ்வொரு முறையும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவு. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957-ல் இதை அடையாளம் கண்டது நண்டுக்கால் நரம்பில். 1997-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நண்டை வெறும் ரசத்துக்கு என்று நினைப்பவர்கள் கவனிக்க. மீன் செத்ததும் ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது, பம்பு நிற்கிறது. அதே மீன்மேல் உப்பைக் கொட்டினால் இப்போது தடையில்லாமல் உள்ளே இறங்கும். கருவாடு உப்புக் கரிப்பது இப்படித்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து நாம் சுமந்துவந்த இன்னொரு நம்பிக்கை, செல் சவ்வு ஒரு சல்லடை என்பது: சின்னது போகும், பெரியது நிற்கும். சோடியம் அயனி மிகச் சின்னது, அதற்கு வழியில்லை. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் அதைவிடப் பல மடங்கு பெரியது, தாராளமாக நுழைகிறது. ஏனென்றால் சவ்வே ஒரு கொழுப்புப் படலம். பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, தண்ணீரை விரும்பும் தலை வெளிப்பக்கமும் எண்ணெய் வால் உட்பக்கமுமாக நிற்கின்றன. மொத்தத் தடிமன் 7, 8 நானோமீட்டர். தலைமுடியைப் பத்தாயிரமாகப் பிளந்தால் வரும் ஒரு கீற்று. மின்னூட்டம் உள்ள உப்பு அந்த எண்ணெய் நடுப்பகுதியைத் தாண்டாது. புரதக் கதவு திறந்தால்தான் உண்டு. எண்ணெயில் கரைவதற்குக் கதவே தேவையில்லை.

இது வடசென்னைக்கு ஏட்டுப் பாடம் இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெயை எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கறுப்புக் குழம்பாக வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. இரண்டு முறையும் ஒரே ஆறுதல் பேச்சு: எண்ணெய் மேலே மிதக்கும், மீன் கீழே இருக்கும், அப்படியே பட்டாலும் மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசினால் போய்விடும்.

போகாது. எண்ணெயில் உள்ள நாப்தலீன் போன்றவற்றில் ஒரு பகுதி நீரில் கரைந்து, செவுள் செல்களின் சவ்வு வழியாக இரத்தத்துக்கு வந்துவிடுகிறது. உப்பை அத்தனை பாடுபட்டு வெளியேற்றும் அதே செவுள்தான் இதற்கு வாசல். தோலை அலசி என்ன பயன்?

அதற்காக எண்ணெய் பட்ட கடலின் மீனெல்லாம் ஆயுளுக்கும் விஷம் என்று 2017-ல் பரவிய பீதியும் சரியில்லை. மீனின் கல்லீரல் நொதிகள் இந்தப் பொருள்களைப் பெரும்பாலும் உடைத்துப் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். ஆளிக்கும் மட்டிக்கும் அந்தத் திறமை மிகக் குறைவு. நீரை வடிகட்டித் தின்னும் அவற்றின் சதையில் எண்ணெய்ச் சரக்கு நாள்கணக்கில் தங்கும். கழிமுகத்தில் படலம் மினுங்கும் நாட்களில் ஒதுக்கவேண்டிய கூடை அது.