குறைமாதக் குழந்தையும் பிளாஸ்திரியும்

குடுமியான்மலைத் தம்பதியரே!

37 வாரம் நிறையுமுன் பிறந்த பிள்ளை புதுக்கோட்டை அரசு மருத்துவமனையிலிருந்து வீடு வருகிறது. ஊசியும் பால்குழாயும் நகராமலிருக்க பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் சிவப்புத் தடம். "சூடு பிடிச்சிருக்கு, மஞ்சப் பத்து போடு" என்பார் அப்பத்தா. போடாதீர்கள்.

அது சூடல்ல, பெரும்பாலும் அலர்ஜியும் அல்ல. குறைமாதப் பிள்ளையின் மேல்தோல் மெலிசு. அடித்தோலோடு இன்னும் இறுகப் பிடிக்கவில்லை. பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தால் தோலும் கூடவே உரிந்து வரும். அந்தப் புண்வழி கிருமி நுழைந்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது.

துண்டு பிளாஸ்திரி மிச்சமிருந்தால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் ஊறவிடுங்கள். தோலை விரலால் லேசாக அமுக்கிக்கொண்டு, மேலே தூக்காமல், தோலோடு படிய மடக்கி மெல்ல எடுங்கள். அவசரப்படுகிற அப்பாமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஊசியோ குழாயோ இருக்கும்போது செவிலியர்தான் எடுக்க வேண்டும்.

லேசான சிவப்பு தானே மங்கும். சாம்பல், பவுடர் வேண்டாம். தடத்தைத் தாண்டித் தடிப்புப் பரவினால் அலர்ஜியா என்று மருத்துவர் பார்க்கட்டும். கொப்புளம், சீழ் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.